மாமா சூடம் அணைத்த நாள்

எங்கள் மாமா கவிதை எழுதினார், கதை எழுதினார், சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் எழுதினார். அம்மா மூன்றுக்கும் சேர்த்து ஒரே திட்டாகத் திட்டிவிடுவாள். அம்மாவின் ஒரே தம்பி அவர். எங்கள் நைனா, அதாவது அப்பா, எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே சென்னைப் பக்கம் போனவர், போனவர்தான். அதனால் நானும் அம்மாவும் மாமா வீட்டில்தான் இருந்தோம். எழுதுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று ஊரே சொன்னபடி, மாமாவுக்கும் கல்யாணம் ஆகவில்லை.

பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று கோயில் முன்னால் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தாத்தா செத்த பிறகு அவருடைய பாடு மாமாவுக்கு வந்தது. பாடு வந்த நாளில் மாமா ஏரியில் இருப்பார், மற்ற நாளில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டிருப்பார். பத்திரிகைக்காரர்கள் கவிதையைப் போட்டுவிட்டு ஒரு பிரதியை அனுப்பினால் அதுவே பெரிய காரியம். ஊரில் கல்யாணம் என்றால் வாழ்த்துப்பா, சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நாலு வரி, எல்லாம் மாமாவிடம்தான் வரும். கூலி ஒரு டீ. வீட்டில் சோறு வெந்தது பாட்டால் அல்ல, பாட்டில் விழுந்த இறாலால்.

எங்களுக்கு, அதாவது தெருப் பிள்ளைகளுக்கு, அவர் எழுதியதில் பிடித்தது நண்டுக் கதைகள்தான். எழுதியதும் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிப்பார். நாங்கள் சிரிக்காத இடத்தை முகத்தைச் சுளிக்காமல் பேனாவால் அடித்துவிடுவார். இதெல்லாம் நிஜமா மாமா என்று கேட்டால், "கதைனா பொய்தான்டி" என்பார்.

அப்புறம் அந்தத் தடிப் புத்தகம் வந்து தொலைத்தது. பெரியவர்களுக்கான நாவல். அதை எழுதிய காலம் முழுக்க நண்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. பக்கத்தில் போனால் "போடி அந்தாண்ட" என்று விரட்டுவார். அந்தப் புத்தகத்தை நான் மனசார வெறுத்தேன். ஒருவழியாக அது அச்சாகி வந்தபோது ஊர்த் தலைவர் வீட்டுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் அதற்கு மஞ்சள் வைத்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவ்வளவு மரியாதை. பிரித்துத்தான் யாரும் பார்க்கவில்லை.

பார்த்தது எதிர்க்கரை ஊர்க்காரன். அங்கே காலேஜ் படித்த ஒருவன் முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துவிட்டான். அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஏரியில் ஓர் இடத்துக்காக வெகுநாள் சண்டை. அதிகாரிகள் முன்னால் சமாதானப் பேச்சு நடந்தபோது, அவர்கள் மாமாவின் நாவலை எடுத்துவைத்து, உங்கள் ஊர் ஆளே அச்சில் எழுதியிருக்கிறான், அந்த இடம் எங்களுடையதுதான் என்று ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்களாம். பத்திரம் காட்டுவது மாதிரி கதையைக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் இது கதைதானே என்று சிரித்துவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. பத்திரத்தைப் பார்த்த மாதிரியேதான் பயந்து வந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்: ஒரு கிழவர், அந்த வருஷம் அந்த இடம் எதிர்க்கரைக்கு விழுந்த பாடு, நாம் வலை கட்டுவது முறையில்லை என்று சொந்த ஊராரிடமே சொல்கிறார். சொந்த ஊர்க்காரன் ஒருவன் தோணி தள்ளுகிற கோலால் அவர் மண்டையில் அடிக்கிறான். அவர் சாகிறார். காற்றில் படகு கவிழ்ந்து செத்தார் என்று ஊர் சொல்லிவிடுகிறது. என் தாத்தா காற்றில் படகு கவிழ்ந்து செத்தார் என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார்கள். அந்த நாவலை நான் காலேஜுக்குப் போன பிறகுதான் படித்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவுக்கு ஏரியில் பாடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதுதான். எழுதியது பொய் என்று கோயில் முன்னால் சொன்னால் பாடு திரும்ப வரும், இல்லாவிட்டால் அடுத்த சீட்டில் அவர் பெயரே இருக்காது என்று தலைவர் சொல்லி அனுப்பினார். மாமா மாட்டேன் என்றார். படகு கரையில் கிடந்தது. அம்மா இறால் உரிக்கிற வேலைக்குப் போனாள். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது எரியும். எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது. கதை என்றால் பொய் என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்ன மனுஷன்தானே, அதையே தலைவரிடமும் சொல்லித் தொலைத்தால் என்ன?

ஒருநாள் சாயங்காலம் அம்மா அவர் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். கத்தவில்லை.

"செத்துப்போன நம்ம நைனா திரும்பி வரப்போறாரா? இருக்கறவங்க துன்னணும்ல."

"நீதானே அக்கா எனக்குச் சொன்ன," என்றார் மாமா.

"நான்தான் சொன்னேன். நானே இப்போ சொல்றேன், பொய்னு சொல்லிட்டு வா."

தாத்தாவைக் கரையில் கொண்டுவந்து போட்டபோது தலையிலிருந்த ரத்தத்தைத் துடைத்தவள் அம்மா. காயத்தைப் பார்த்தவளும் அவள்தான். மாமா அப்போது சின்னப் பையன்.

கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா கைகட்டி நின்று, அது கதைதான் தலைவரே, கதையைக் கதையாகப் பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தலைவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுப் பேத்தி காதுகுத்துக்கும் மாமாதான் வாழ்த்து எழுதினார். ஆனாலும் அவர், "கதைனு வாயால சொன்னா பத்தாதுப்பா. சூடம் அணைச்சு பொய்னு சொல்லு," என்றார்.

நாவலை மண்ணில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு வெற்றிலையில் சூடம் ஏற்றினார்கள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"பொய்தான். எல்லாம் நானா கட்டினது. எங்க நைனா காத்துலதான் செத்தாரு."

கூட்டத்தில் மாமாவைவிட வயதான ஒருவர் மட்டும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் யார் என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எதற்கு எழுந்து போகிறார் என்று அன்றைக்குத் தெரிந்திருக்காது.

பாடு திரும்ப வந்தது. அம்மா இறால் உரிப்பதை விட்டாள். உள்ளங்கைக் கொப்புளம் ஆறியதும் மாமா எங்களைக் கூப்பிட்டு ஒரு புது நண்டுக் கதையைப் படித்தார். அவர் எழுதியதிலேயே அதுதான் வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த கதை. அதற்கப்புறம் அவர் பெரியவர்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கவிதையும் நின்றது, பேனருக்கு நாலு வரி கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். வரிசையாகச் சிறுவர் புத்தகம்தான். இன்றைக்குப் பள்ளிக்கூடங்களில் அவர் பெயர் தெரியாத பிள்ளைகள் குறைவு. குழந்தை மனசுக்காரர் என்று மேடையில் புகழ்கிறார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார்.

எனக்கு அப்போது பிடிபடாத சந்தோஷம். எங்கள் மாமா இனிமேல் நமக்கு மட்டும்தான் எழுதுவார் என்று வகுப்பில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவிடம் அடம்பிடித்து ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எதற்கென்று அம்மா கேட்கவில்லை. தரையில் சூடம் எரிந்த கருப்பு இன்னும் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று, மாமாவைப் பெரியவர்களிடமிருந்து பிடுங்கி எங்களுக்கே கொடுத்ததற்காக அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பலம் கொண்ட மட்டும் ஓங்கித் தேங்காயை உடைத்தேன்.