ஆத்தா பக்கம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேனின் முன்மூடியைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்தினாள் அன்புமொழி. கோளாறு என்னவென்று அவளுக்குத் தெரியும். புதுத் தண்ணி பம்பு அட்டைப்பெட்டியோடு பக்கத்தில் இருந்தது. ஸ்பேனர்களைச் சாக்கு விரித்துப் பரப்பி வைத்திருந்தாள். அவளைக் கலக்கியதெல்லாம், அதைக் கழற்றி மாட்டச் சொல்லித்தரப் போகிறவன் யார் என்பதுதான்.

அவள் கணவன் திருமுருகன், மஸ்கட்டில் லாரி பட்டறை ஒன்றில் மெக்கானிக். எந்தச் சேதி அவன் காதுக்குப் போகவே கூடாதோ, அந்தச் சேதிக்காகத்தான் அவன் நிறுத்திவிட்டுப் போன இந்த வேன் எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தாய் ராக்காயிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. புதனும் சனியும் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மெஷினிலிருந்து இறங்கினால் உட்கார முடியாது. வேனின் பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டுப் படுக்கவைத்துத்தான் கூட்டி வருவாள் அன்புமொழி. ஒரு தடவை ஆட்டோவில் போய் வந்து, ராக்காயி மூன்று நாள் எழவில்லை. ஊருக்குள் யாரிடமாவது கார் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவன் மஸ்கட்டிலோ துபாயிலோ இருந்தான். கார் ஊர் எல்லையைத் தாண்டும் முன்னே சேதி கடலைத் தாண்டிவிடும். இப்போதே, மூட்டுவலிக்கு வைத்தியம், மகனிடம் சொல்லிக் கலங்கவைக்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஊர் வாயை அடைத்து வைத்திருந்தார்கள்.

சொல்லக்கூடாது என்றது ராக்காயிதான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் குழந்தைசாமி படுக்கையில் விழுந்தபோது, சவுதியில் இருந்த திருமுருகன் லீவு தர மறுத்த மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று, வேலையை உதறிவிட்டு ஓடி வந்தான். வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் மிச்சம். தகப்பன் முகத்தையும் பார்க்கவில்லை, வேலையும் போயிற்று. அதற்கப்புறம் நாலரை வருஷம் அவன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் வீட்டில் கிடந்ததை இரண்டு பெண்களும் கண்ணால் கண்டவர்கள். மறுபடி ஒரு விசா வந்து, அவன் மீண்டும் மனிதனாகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

டாக்டர் டயாலிசிஸ் என்று சொன்ன அன்று சாயங்காலமே ராக்காயி தட்டில் கற்பூரத்தை ஏற்றி மருமகள் முன் நீட்டினாள்.

"அணைச்சுச் சத்தியம் பண்ணு. என் மகன் காதுக்குப் போகாதுன்னு."

"அத்தே, இதெல்லாம் மறைக்கிற காரியமா?"

"அவன் திரும்பவும் ஓடியாந்தான்னா, நான் செத்தாலும் கட்டை வேகாது. அணை!"

அன்புமொழி உள்ளங்கையால் அந்தச் சுடரை அணைத்தாள். கை சுட்ட தடம் ஒரு வாரத்தில் மறைந்தது. சத்தியம் மறையவில்லை. கொடும்பாளூர்ப் பக்கம் பிறந்து, தினமும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி பி.காம். முடித்தவள், சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியறியாதவள். முப்பத்தாறு வயதில் இலுப்பூரில் டிரைவிங் பழகி, முதல் டெஸ்டில் தோற்று, இரண்டாவதில் லைசென்ஸ் வாங்கினாள். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஹரிணிக்குக்கூடத் தெரியாது.

கடந்த புதன்கிழமை திரும்பி வரும் வழியில் வேன் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஆவி புகைந்தது. மெத்தையில் அத்தை முனகிக்கொண்டு கிடக்க, நடுரோட்டில் ஒரு மணி நேரம் நின்று, இஞ்சின் ஆறியபின் ஊர்ந்து ஊர்ந்து வீடு சேர்ந்தாள். மெக்கானிக் செம்மல் போனிலேயே சொன்னான்: "தண்ணி பம்பு போச்சுக்கா. நான் மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருக்கேன். திங்கக்கெழமைதான் வருவேன். அதுவரைக்கும் தொடாதீங்க, சூட்டுல இஞ்சின் இறுகிப் புடிச்சிரும்."

திங்கட்கிழமை வரை வேன் காத்திருக்கும். ராக்காயியின் ரத்தம் காத்திருக்காது. நாளைக்கு சனி.

ஆகவே அன்புமொழி பாதிப் பொய் ஒன்றை ஜோடித்தாள். வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு. வீடியோவில் கூப்பிட்டாள்.

"வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் போடச் சொன்னீங்கள்ல? பம்புல தண்ணி ஒழுகுதுங்க. நானே மாத்திடுறேன், நீங்க சொல்லுங்க."

திருமுருகன் கைலியோடு கட்டிலில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். சிரித்தே விட்டான். "நிக்கிற வண்டிக்கு இம்புட்டு அவசரமா? செம்மல் வந்து பாக்கட்டும் புள்ள."

"சும்மாதானே படுத்திருக்கீங்க. சொல்லித் தந்தா கொறஞ்சா போயிருவீங்க?"

"சரி, மொதல்ல பேட்டரி வயரக் கழட்டு. ஏய், ஸ்பேனரத் தோசைக் கரண்டி மாதிரி புடிச்சிருக்கியே!"

"தோசை கருகுனா எனக்கே தெரியும். இது கருகுனா நீங்கதான் சொல்லணும்."

வாசல் நிழலில் கயிற்றுக் கட்டிலில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். இடது கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஊசி ஏற்றுவதற்காக ஆபரேஷன் செய்த நரம்பு அந்தக் கையில் கயிறுபோலப் புடைத்திருந்தது.

"ஆத்தா, ஒன் மருமக மெக்கானிக் ஆயிட்டா பாத்தியா?" என்று போனிலிருந்து கத்தினான் மகன்.

"ஆமாடா, ஒன் வேலைக்கே ஒல வச்சிருவா பாரு!"

"ஏன் ஆத்தா மொகம் ஊதிக் கெடக்கு?"

"கொசுடா. தூக்கமே இல்ல."

அன்புமொழி தலையை இஞ்சினுக்குள் புதைத்துக்கொண்டாள்.

ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றியதும் தண்ணீர் பேசினில் கொட்டியது. செங்கல்லைக் கரைத்ததுபோல் இருந்தது அதன் நிறம்.

"என்னா இது? நான் பச்சைக் கலர் கூலண்டுல்ல ஊத்திட்டு வந்தேன்?"

"கொறஞ்சுச்சு. மோட்டார்த் தண்ணிய ஊத்துனேன்."

"அடி கிறுக்குப் புள்ள! நம்மூரு மோட்டார்த் தண்ணில டீ போட்டாலே திரிஞ்சிரும். அந்த உப்ப எவளாவது இஞ்சினுக்கு ஊத்துவாளா?"

"நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வருது. ஒரு கொடம் புடிக்க மூணு பேரு சண்டை. அதத் தூக்கி வண்டிக்கு ஊத்தச் சொல்றீங்களா?"

 அந்த ஊர்க் கணக்கு அது. நல்ல தண்ணீர் மனிதருக்கு, உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். இஞ்சினும் மற்ற எல்லாவற்றில் ஒன்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்த வீட்டிலோ நல்ல தண்ணீரும் ராக்காயிக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்தான். அதற்கு மேல் டாக்டர் விடவில்லை.

ஃபேன் வந்தது. பெல்ட் வந்தது. பம்பைப் பிடித்திருந்த ஐந்து போல்ட்டில் நான்கு வந்தன. ஐந்தாவது கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, எதிர்ப்பக்கம் ஒரு கல்லில் போனைச் சாய்த்து வைத்தாள்.

"இப்ப ஸ்பேனர இங்கிட்டு இழு."

அவள் தன் பக்கம் இழுத்தாள். அசையவில்லை.

"இங்கிட்டுங்கிறேன்ல! நல்லா இழு!"

இரண்டு கையாலும் பல்லைக் கடித்து இழுத்தாள். டக் என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை அறுந்து அவள் கழுத்தோரம் விழுந்தது.

"ஒடச்சிட்டியா? இங்கிட்டுன்னா இங்கிட்டுப் புள்ள, நீ ஏன் அங்கிட்டு இழுத்த?"

"நான் இங்கிட்டுத்தான் இழுத்தேன்!" அவளுக்கு அழுகை முட்டியது. "நீங்க அங்கிட்டு இருந்துக்கிட்டு இங்கிட்டுன்னா நான் என்னான்னு எடுத்துக்கிறது? ஒங்க இங்கிட்டு எனக்கு அங்கிட்டுங்க. ஒன்றரை வருசமா அப்படித்தான்!"

 போனில் குரல் தணிந்து வந்தது.

"சரி, அழாத. இனிமே இங்கிட்டும் வேணாம் அங்கிட்டும் வேணாம். ஆத்தா உக்காந்திருக்கிறது ஒரு பக்கம், ரோடு ஒரு பக்கம். ஆத்தா பக்கம், ரோட்டுப் பக்கம்னே சொல்றேன். பம்ப வெளிய இழு. மிச்சத் துண்டு நீட்டிக்கிட்டு நிக்கும். டீசலத் தடவி, கிரிப் பிளேயர்ல கவ்விப் புடி. மெதுவா ஆத்தா பக்கம் திருப்பு."

ஆத்தா பக்கம் திருப்பினாள். முரண்டு பிடித்த துண்டு ஒரு முனகலோடு வழிக்கு வந்தது. புதுப் பம்போடு வந்த பையில் மாற்று போல்ட்டும் இருந்தது. அன்புமொழி வேனுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தாள். முகமெல்லாம் கரி, ஆனால் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். கழற்றிய பழைய பம்பைப் பரிசுக் கோப்பையைப்போல போனுக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

திருமுருகனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கிட்டத்துல காட்டு. பிளேடத் திருப்பு."

தண்ணீரைத் தள்ளும் தகடுகள் பூச்சி அரித்த இலைபோல ஓட்டை ஓட்டையாக இருந்தன. நடுத்தண்டு ஆடியது.

"அன்பு, இது நான் கெளம்புறதுக்கு மொத நாளு என் கையால போட்ட பம்பு. நின்ன வண்டியில உப்பு புடிக்கும், துரு புடிக்கும். தண்டு ஆடாது. இது ஓடுன பம்பு. மீட்டரக் காட்டு."

அவள் அசையவில்லை.

"வண்டிய யாருக்குக் குடுத்திருக்க?"

"யாருக்கும் குடுக்கல."

"அப்ப யாரு ஓட்டுறா?"

"நான்தான்."

"நீயா? எங்க? எதுக்கு? சொல்லு! எனக்குத் தெரியாம அப்படி எங்க புள்ள போய்ட்டு வார?"

அந்தக் கேள்வியின் கடைசியில் இருந்த விஷம் அவள் நெஞ்சில் இறங்கியது. பதினாலு வருஷம் வாழ்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா? உதட்டில் நின்ற பதிலை, என்றோ அணைத்த கற்பூரம் சுட்டது. பம்பை இறுகப் பிடித்தபடி அவள் நின்றாள். கண்ணீர் கரியில் கோடு கிழித்தது.

கட்டில் கிரீச்சிட்டது. ராக்காயி எழுந்து, வேனைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து போனுக்கு முன் நின்றாள். சுற்றியிருந்த துண்டை அவளே அவிழ்த்தாள்.

"அவள ஒண்ணும் கேக்காதடா. இதுக்குத்தான் போய்ட்டு வாரா. வாரம் ரெண்டு தடவ, என் ரத்தத்தச் சுத்தம் பண்ண."

புடைத்த நரம்பையும் ஊசித் தடங்களையும் திருமுருகன் பார்த்தான். பிறகு திரை கறுத்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

இஞ்சின் வாயைப் பிளந்து கிடந்தது. மாட்டச் சொல்லித்தர ஆள் இல்லை.

"வந்துருவான். வேலைய விட்டுட்டு வந்துருவான். நானே கெடுத்துட்டேன்," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள் ராக்காயி.

"எந்திரிங்க அத்தே. நாளைக்கு ஏழு மணிக்கு நீங்க மெஷின்ல இருக்கணும்," என்றாள் அன்புமொழி.

கழற்றிய வரிசையை மனதில் பின்னோக்கி ஓட்டினாள். கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங் அட்டையைச் சுரண்டி, பசை தடவி, புதியதை ஒட்டினாள். பம்பை வைத்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாக இறுக்கினாள். ஃபேன், பெல்ட், குழாய். கடையில் பம்போடு வாங்கி வந்த பச்சைக் கூலண்டைத் திறந்தாள். நல்ல தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். அவள் வீட்டைத் திரும்பிப் பார்க்கும் முன்னே, ராக்காயி சமையலறையிலிருந்து குடத்தைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஊத்து. எனக்குத்தான் மூணு டம்ளரு. அதாவது வயிறாரக் குடிக்கட்டும்."

போன் மறுபடி அடித்தது. முகம் கழுவி வந்திருந்தான் திருமுருகன். கண்கள் சிவந்திருந்தன. தாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பெல்ட்ட அழுத்திப் பாரு. எம்புட்டு எறங்குது?"

"ரெண்டு வெரக்கடை."

"தொளதொளன்னு இருக்கு. டைனமோ போல்ட்ட எளக்கு. டைனமோவத் தள்ளு…" அவன் நிறுத்தினான். "ஆத்தா பக்கம் தள்ளு."

தள்ளினாள். இறுக்கினாள். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இரண்டு தடவை இருமி, ஓடத் தொடங்கியது. முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குப் போய்ச் சேந்ததும் முள்ளப் போட்டோ புடிச்சு அனுப்பு," என்றான் அவன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தினாள். முள் நடுவில்தான் இருந்தது. படம் எடுத்து அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன. விடிய விடிய தூங்கவில்லை போலிருக்கிறது. பதில் வந்தது:

"ஆத்தா பக்கம் வந்துறவா?"

அன்புமொழியின் விரல் போனின் மேல் நின்றது. வாங்க என்று எழுதினால் அவன் வேலை போகும், அந்தப் பாவம் தன் தலையில். வராதீங்க என்று எழுதினால், அவன் மறுபடியும் ஒரு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவானோ? 'வா' என்ற ஒரே எழுத்தை அடித்தாள், அழித்தாள்.

"என்னத்தா எழுதியிருக்கான்?" மெத்தையிலிருந்து தலையைத் தூக்கினாள் ராக்காயி.

"முள்ளு நடுவுல நிக்கிதாம். வண்டி நல்லாருக்காம் அத்தே."

ராக்காயி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அன்புமொழி உட்கார்ந்திருந்தாள். இஞ்சினை அணைக்க அவளுக்கு மறந்துபோயிருந்தது.