அப்பா எடுக்காத படம்

என் மகளைப் படமெடுக்க வந்தவர் கேமராவின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார். படம் கழுவும் மருந்தும் வியர்வையும் கலந்த அந்தத் துணியின் வாடையோடு அப்பா நினைவில் வந்துவிட்டார்.

சின்னக் காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்தில் அப்பாதான் படக்காரர். படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து, பிள்ளை செத்த பிறகுதான் அவரைக் கூப்பிடுவார்கள். தறியிலிருந்து அறுத்த புதுப் பட்டில் சுற்றி, தாய் மடியில் வைத்திருப்பாள்.

“கண்ணு முழிச்சிக்கினு இருக்கிறாப்பல எடுங்கய்யா.”

கழுவிய படத்தில், மூடிய இமைகளின் மேல் அப்பா கண் வரைந்து கொடுப்பார்.

“உசுரோட இருக்கறப்போ கூப்ட்டா என்னவாம் இவங்களுக்கு?” என்று வீட்டில் வந்து கத்துவார்.

அவர் இறந்த பிறகு அவருடைய படப்பெட்டி முழுக்கத் தேடினேன். என் படம் ஒன்றுகூட இல்லை.

“அசையாம இரும்மா பாப்பா” என்றார் வந்தவர்.

நான் மகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.