தேசிப்பூ எண்ணெயும் பஸ்ஸில் விட்ட கதையும்

தேசிப்பூவை, அதாவது எலுமிச்சம் பூவை, அவித்து எண்ணெய் எடுப்பது வாசமான வேலை; ஆனால் அறுபத்தைந்து வயதில் பூவாசத்தோடு வீடு திரும்புகிறவனை ஊர் சும்மா விடாது. செய்கிற தொழிலைப் பற்றி அளந்து மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? வாருங்கள், பக்கத்தில் இருங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் பூ அவிக்கிறேன்.

பூவோ, ஊறுகாயோ?

வெயில் ஏறமுன்னம் பூப் பறிக்க வேண்டும். ஒரு ஓலைக் கடகம் நிறையப் பூவை அவித்தால் அரைத் தேக்கரண்டி எண்ணெய் தேறும், அவ்வளவுதான். அச்சுவேலியில் ஒரு தோட்டக்காரர், "பறியுங்கோ அண்ணை" என்று படலையைத் திறந்துவிட்டார். கடகம் நிறைகிற நேரம் அவருடைய மனுசி கிணற்றடியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தா.

"அண்ணை, உதிலை கிடக்கிறது பூவில்லை. என்ரை ஒரு வருசத்து ஊறுகாய்!"

பஸ்ஸில் பிரசங்கம்

பூ அவித்த நாளில் சட்டை, தலைமயிர், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் மணக்கும். அன்று பஸ்ஸில் முன் சீற்றில் இருந்த பிள்ளை திரும்பி, "ஐயா, என்ன சென்ற் பூசியிருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டது. எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. எங்கள் ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்கிற வசந்தி மிஸ் சொல்லக் கேட்டுப் பாடமாக்கிய பெயர்களை எடுத்துவிட்டேன். "லினலூல், லிமோனீன், நெரோலிடோல்... எல்லாம் இந்தப் பூவுக்குள்ளை கிடக்குது பிள்ளை. புற்றுநோயையே கொல்லும்!"

பஸ் முழுக்க வாய் பிளந்தது. நான் இறங்க வேண்டிய இடம் வந்தும் பிரசங்கம் முடியவில்லை. கொண்டக்டர் மணிக்கயிற்றைப் பிடித்தபடி சொன்னான்:

"அண்ணை, புற்றுநோய் கிடக்கட்டும். உங்களை இறக்க உதிலை ஏதும் மருந்து இருக்கோ?"

மச்சாளின் முடிவு

செய்தி எனக்கு முன்னமே வீடு போய்விட்டது. என் மனுசியின் தங்கை தவமணி எங்களோடுதான் இருக்கிறாள். மார்பில் புற்றுநோய். நாலு தரம் மருந்து ஏற்றியாகிவிட்டது; இன்னும் இரண்டு தரம். அடுத்தது வியாழக்கிழமை, அதற்கு இரண்டே நாள். முடி கொட்டினாலும் வாய் குறையாதவள். அன்று ஆஸ்பத்திரிப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள்.

"அத்தான், இனி ஊசியும் வேண்டாம், வாந்தியும் வேண்டாம். உங்கடை எண்ணெயிலை ஒரு கரண்டி தாருங்கோ."

"அது சும்மா கதைச்சது தவம்" என்றேன். "அப்ப பொய்யோ?" என்றாள். பொய்யுமில்லை. ஆனால் எவ்வளவு மெய் என்று சொல்ல எனக்குத் தெரிந்தால்தானே! மனுசி அழுதும் பார்த்தா, ஏசியும் பார்த்தா. தவமணி அசையவில்லை.

"பஸ்ஸிலை போற சனத்துக்கெல்லாம் மருந்து. சொந்த மச்சாளுக்கு மட்டும் இல்லையோ?"

தட்டில் இருந்தது

மறுநாள் அவளை மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு தட்டை வைத்தா. "இது ஆளில்லை அம்மா, தட்டிலை வளர்த்த புற்றுநோய்க் கலங்கள், செல் எண்டு சொல்லுறது. எண்ணெய் விட, கொஞ்சம் செத்தது உண்மை. வினாகிரி விட்டாலும் சாகும். உடம்புக்குள்ளை என்ன செய்யும், நல்லதையும் சேர்த்துக் கொல்லுமோ, ஒண்டும் தெரியாது. இதை நம்பி மருந்தை நிப்பாட்டினால் நோய்தான் வளரும்."

தவமணி ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தாள். "அப்ப இதையெல்லாம் கண்டுபிடிச்சது எங்கடை அத்தான் இல்லையோ?"

"இல்லை அம்மா, ஐயா பூ அவிக்கிறவர்."

சிரிக்கத் தொடங்கினாள் பாருங்கள், தலையில் கட்டியிருந்த துணி கழன்று விழும்வரை சிரிப்பு! மிஸ்ஸும் சிரித்தா. எனக்கும் அடக்க முடியவில்லை.

"ஐயோ மிஸ், பூ அவிக்கிற மனுசனை நம்பி நான் சாகப் பாத்தனே!"

வியாழக்கிழமை

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறத் தொடங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த தொண்டைமானாற்றிலிருந்து வந்திருந்த அக்கா மூச்சை இழுத்து, "உங்களிட்டை என்ன இப்பிடி மணக்குது?" என்று என்னைக் கேட்டா. நான் தொண்டையைச் செருமினேன். ஊசி ஏறாத கையால் தவமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இந்த மனுசன் வாய் திறந்தால் காதைப் பொத்துங்கோ. எனக்கு இன்னும் ஒருக்கால் மருந்து ஏத்தக் கிடக்கு!"

மிஸ்ஸின் ஆராய்ச்சி முடிய எத்தனை வருசம் செல்லுமோ தெரியாது, ஆனால் பூ அவிக்கிறவன் பூவை மட்டும் அவித்தால் போதும் என்பதை நான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.