முறிக்க ஆளில்லாத பத்தியம்

“...சொன்னவரே வந்து முறிச்சாத்தான் மச்சான் முறியும். நானா வாயத் தொறந்து தின்னுட்டா கரப்பான் உள்ள போயி ஈரலப் புடிச்சிக்கும்,” என்றார் மாமா, அக்கா அரிந்து வைத்த கொய்யாத் தட்டைப் பார்க்காமலே.

மாமா என் அக்காவின் கணவர். வீடு மேல்பட்டாம்பாக்கம். சிதம்பரத்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாளாகியும் அவர் பழத்தைத் தொடவில்லை என்று அக்கா போனில் அழுததால்தான் நான் கடலூரிலிருந்து ஓடி வந்திருந்தேன்.

போன வருஷம் அவருக்குக் காலெல்லாம் கரப்பான், ஓயாத அரிப்பு. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பெரியவர் மருந்து கொடுத்தார். புளிப்பு கூடாது, பழம் காய் கீரை எதுவும் கூடாது, ஒரு மண்டலம் கழித்து வா, தலைக்கு எண்ணெய் வைத்து என் கையாலேயே பத்தியத்தை முறிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அரிப்பு நின்றது. மண்டலம் முடிவதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமா கஞ்சி, பாசிப்பருப்பு, சுட்ட அப்பளம் என்றே எட்டு மாதம் ஓட்டிவிட்டார்.

முதலில் அசதி என்றார். பிறகு பல் தேய்த்தால் ரத்தம், பல்லெல்லாம் ஆட்டம். அதையும் சிரிப்பாகத்தான் சொன்னார்: “எல்லாப் பல்லும் ஆமாம் சாமி போடுது மச்சான்.” அவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் முடிந்து வைத்துக்கொள்கிறவன் நான், அதைப் பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தொடையில் நீலம் பாரித்தபோது சிரிப்பு நின்றது. பத்து வருஷத்துக்கு முன் அரிவாள் பட்டு ஆறிப்போன முழங்கால் தழும்பு, ஒரு நாள் காலையில் புதுக் காயம்போல வாய் திறந்திருந்தது. ரத்தத்தில் புற்றோ என்று அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சிதம்பரம் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே போனோம்.

டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் பார்த்து, அந்த நோய் இல்லை என்றார். பிறகு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மாமா சொல்லச் சொல்ல எழுதுவதை நிறுத்திவிட்டார். உடம்பில் வைட்டமின் சி வற்றிப்போயிருக்கிறது, உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, கீரை என்று நாம்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

“தோலையும் சதையையும் இழுத்துக் கட்டுற நூல் மாதிரி அது. நூல் இத்துப்போச்சு, அதான் பழைய புண்ணே பிரியுது. இப்ப சாப்பிட ஆரம்பிச்சா சரியாயிடும். இப்படியே விட்டா அடுத்து உள்ள எங்க பிரியும்னு என்னால சொல்ல முடியாது.”

மாத்திரையும் கொடுத்தார். அது புளித்தது. மாமா ஆஸ்பத்திரி வாசலிலேயே துப்பிவிட்டார்.

இப்போது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் முழங்கால் பக்கம் புதிதாக ஒரு கறை. டாக்டர் சொன்னதையெல்லாம் நான் மறுபடி சொன்னேன். சுவரிடம் பேசியதுபோல் இருந்தது. அக்கா உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அவர் உச்சியில் மூன்று சொட்டு வைத்தாள்.

“முறிக்க ஆளில்லன்னுதான சொல்றீங்க. நான் முறிக்கிறேன். எந்தக் கேடு வந்தாலும் என் தலயில விடியட்டும். தின்னுங்க.”

மாமா அவளையே பார்த்தார். பிறகு அவள் நீட்டிய கொய்யாத் துண்டை வாங்கிக் கடித்தார். வெள்ளைச் சதையில் சிவப்பாகப் பல் பதிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி கடித்தார்.