செவலை குனிந்தபோது

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது குனிவதுதான். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பாடாங் செராய் டவுனுக்குப் போகும் சாலையில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிற்பான். அவன் முன்னால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் கன்னம் பழுத்துவிடும். நான் சின்னப் பெண், எனக்கு அளவு தெரியாது என்று அம்மா என் பிடரியில் கை வைத்து அழுத்துவாள்.

அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லாரி ஏறும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "செவலையப் பாத்துக்க. நான் வர்றப்ப அது வாசல்ல நிக்கணும்." செவலை எங்கள் வீட்டு நாய். பேர்தான் நாய், உயரத்தில் பூனைக்கு அண்ணன்.

பக்கத்து வீட்டு அக்கா முன்பு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். துரை உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடியபோது விட்டுப்போன குட்டையான சடை நாயை எங்கள் தொழிலாளர் லயத்துக்குத் தூக்கி வந்து வளர்த்தார். அதை வெள்ளை என்போம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. தன் பங்கு மரவள்ளிக்கிழங்கில் பாதியை அதற்குத்தான் பிட்டுப் போடுவார்.

அக்கா பகலெல்லாம் கிழங்குக் கொல்லையில் இருப்பார். அந்த நேரத்தில் இரண்டு நாய்களும் சேர்ந்து லயத்தையே ரெண்டாக்கும். உறுமல், புரளல், காதைக் கவ்வி இழுத்தல். நான் உட்கார்ந்து ரசிப்பேன். ஒருநாள் அக்கா சீக்கிரம் வந்துவிட்டார். அப்போது வெள்ளை முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் வைத்து, செவலைக்கு முன்னால் குனிந்திருந்தது.

"ஐயோ, எம்புள்ளையக் குனிய வச்சிருச்சே! வெளியதான் ஜப்பான்காரன்னா, லயத்துக்குள்ள இது ஒரு ஜப்பான்காரனா?"

அம்மாவும் வந்து பார்த்தாள். அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் கண்ணுக்குக் குனிந்ததெல்லாம் அடிபட்டதுதான். செவலைக்கு விளக்குமாற்றால் ஓர் அடியும் கழுத்தில் கயிறும் கிடைத்தன. அக்காவின் அழுகை அதோடு நிற்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழங்கு போட்டிருந்த சீன முதலாளி தவுக்கேக்குக் காவல் நாய் வேண்டியிருந்தது. செவலையை அவரிடம் கொடுத்துவிடுவதென்று அம்மா முடிவு செய்தாள்.

"அப்பா வந்து கேட்டா?" என்றேன்.

"அந்தக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டா நமக்கு யாருடி இருக்கா?" என்றாள். அவள்மேல் எனக்கு ஆறாத கோபம்.

செவலையைக் கட்டிப்போட்டதிலிருந்து வெள்ளை கிழங்கைத் தொடவில்லை. செவலையின் கயிறு முடிகிற இடத்திலேயே போய்ப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அடிக்கிறவனைத் தேடிப் போய் யாராவது படுப்பார்களா? எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பெரியவர்களுக்குப் போதவில்லை.

தவுக்கே வந்த காலையில் அம்மா கயிற்றை அவிழ்த்தாள். செவலை அவள் கையை உதறிக்கொண்டு வெள்ளையை நோக்கிப் பாய்ந்தது. அக்கா அலறினார். ஆனால் வெள்ளைக்கு முன்னால் போய் நின்ற செவலை நெஞ்சைத் தரையில் வைத்தது. பின்புறம் மேலே தூக்கியிருந்தது, வால் ஆடிய ஆட்டத்தில் இடுப்பே ஆடியது. வெள்ளை எகிறி அதன் கழுத்தைக் கவ்வ, செவலை மல்லாந்தது. அடுத்து செவலை மேலே, வெள்ளை கீழே. நடுவில் விலகி, ஆளுக்கொரு தும்மல் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தன. உறுமலை மட்டும் கேட்டால் கொலை விழுகிறது என்றுதான் தோன்றும்.

அக்கா வெள்ளையைப் பிடித்துச் சடையை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அது அவர் கையிலிருந்து திமிறிச் செவலையிடமே ஓடியது.

"இது பயந்து குனியல லா, தங்கச்சி," என்றார் அக்கா மெதுவாக. "வெளையாட வாறியான்னு கேக்குது."

அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன். தவுக்கே தலையை ஆட்டிக்கொண்டே ஆற்றுப் பக்கம் திரும்பிப் போனார்.

போர் முடிந்து அப்பா வந்தார், எலும்பும் தோலுமாக. அவர் கேட்டபடியே செவலை வாசலில்தான் நின்றது. ஓடிப்போய் மோந்து பார்த்தது. பிறகு அவர் காலடியில் நெஞ்சைத் தாழ்த்திக் குனிந்தது. அப்பாவின் கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டன. இடுப்பு தானாக வளைந்தது. எங்கள் நாய்க்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அம்மா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தாள்.

"வேணாங்க. அது வெளையாடத்தான் கூப்புடுது."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செவலை விடவில்லை. இன்னொரு தடவை குனிந்தது.