சாக்கு கட்டிய வகுப்பறையில் ஒரு பூச்சிப் படம்

பள்ளிக்கூட ஜன்னல்களில் மாங்காய்ச் சாக்குகள் தொங்கிய அந்தப் பகல்தான் எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வரும். வெளியே முதலமடை வெயில். உள்ளே உச்சிப்பொழுதில் இருட்டு. எழுபதுகளில், மலையாளச் சீமையில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உப்புமா கிண்டுவது என் வேலை. நானே நாலாம் வகுப்போடு நின்றவள். அடுப்படி வரைக்கும் கேட்கிற பாடம்தான் எனக்குப் பாடம்.

சயின்ஸ் டீச்சர் கல்பாத்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கேட்டுக் கேட்டு, படம் காட்டும் மெஷின் ஒன்றை எப்படியோ வரவழைத்துவிட்டார். பாட்டும் சண்டையும் கிடையாது. உள்ளதை உள்ளபடி காட்டும் டாக்குமெண்டரிப் படம். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. கல்வி ஆபீசர் வந்து பார்ப்பார். பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் என்று அவருக்குத் தோன்றினால் மாதம் ஒரு படம் வரும், இல்லாவிட்டால் மெஷின் டவுன் பள்ளிக்குப் போய்விடும். டீச்சர் என்னிடம், “உப்புமாவச் சீக்கிரம் இறக்கிட்டு நீயும் வந்து உக்காந்துக்கோ. மாசாமாசம் பாக்கலாம்” என்றார். அன்றோடு என் தூக்கம் போயிற்று. வகுப்பில் உட்கார இன்னொரு தடவை கிடைக்கப்போகிறதே, அது கெட்டுவிடக் கூடாதே!

கரண்டு போய்விடுமோ, மெஷின் தீப்பிடிக்குமோ, பிள்ளைகளின் கண் கெட்டுவிடுமோ என்று ஒன்று விடாமல் கவலைப்பட்டேன். அறையை இருட்டாக்கச் சாக்கு கேட்டார் டீச்சர். என் வீட்டுக்காரர் மாந்தோப்பில்தான் வேலை பார்த்தார். “ஏனுங்க, ஓட்டையில்லாததாப் பாத்துக் கொண்டாங்க” என்றேன். “கவலப்படறதுக்கு ஒண்ணுமில்லீன்னா, அதுக்கும் கவலப்படுவ புள்ள நீ” என்று சிரித்தார். ஓட்டையைத்தான் பார்த்தோம். மாமரத்தடியில் கிடந்த சாக்கு என்பது இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

ஆபீசர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் படம் ஓடியது. பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பற்றிய படம் அது. சுவரில் கட்டிய வேட்டியில் ஒரு வெட்டுக்கிளி ஆள் உயரத்துக்கு நின்று வாயை அசைத்தது. விளக்கமெல்லாம் இந்தியில். டீச்சர் சத்தத்தை அணைத்துவிட்டு, “நீங்களே சொல்லுங்கோ, அது என்ன பண்றது?” என்றார்.

“திங்குதுங்க டீச்சர்!”

“வாயி மேலயுங் கீழயும் போகலீங்க, பக்கவாட்டுல போகுதுங்க!”

வகுப்பே பேசத் தொடங்கிவிட்டது. பின்பெஞ்சில் நானும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் அலறினாள்: “டீச்சர், பூச்சி வெளிய வந்து கடிக்குதுங்க!”

வெக்கை ஏறியதும் சாக்கு மடிப்புகளிலிருந்து முசுறுகள், அதுதான் மாமரத்துச் சிவப்பு எறும்புகள், கூட்டமாக இறங்கிவிட்டன. பெஞ்சுகள் கவிழ்ந்தன. ஆபீசர் கழுத்தைத் தட்டிக்கொண்டே நாற்காலி மேல் ஏறி நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் சாக்குகளைப் பிடுங்கி வெளியே வீசினார். வெளிச்சம் வந்ததும் ஓர் எறும்பின் மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தார். “படத்துல பாத்த வாய் இதுக்கும் இருக்கா, வந்து பாருங்கோ.” அழுதுகொண்டிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கடி வாங்கினவங்களுக்குத்தான் முதலிடம் என்று ஒருவன் சட்டம் போட்டான். “நீ எங்கடா வாங்குன? காட்டு பாக்கலாம்!” என்று இன்னொருத்தி அவனைத் தள்ளினாள். தடித்த கழுத்தைக் காட்டிக்கொண்டு ஆபீசரும் வரிசையில் வந்து நின்றார். பிள்ளைகள் வழிவிட்டார்கள். குனிந்து வெகுநேரம் பார்த்தவர், கிளம்பும்போது மலையாளத்தில் கேட்டார்: “டீச்சரே, அடுத்த மாசம் எந்தா படம்? புலியாணெங்கில் ஞான் லீவு!”

புலிப் படம் என்றால் அவர் லீவாம். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் என்ற சொல்லைத் தவிர என் காதில் வேறெதுவும் விழவில்லை.

அடுத்த மாதம் புலி வரவில்லை, கடல் வந்தது. கறுப்பு வெள்ளையில் அலைகள் எழுந்து, உடைந்து, மணலை நனைத்துவிட்டுத் திரும்பிப் போயின. இத்தனை காலம் கழித்து, போன வருடம்தான் மகள் என்னை நிஜக் கடல் பார்க்கக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனாள். வழி நெடுக பஸ்ஸின் பிரேக்கைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு போனேன். கரையில், “பயப்படாதம்மா, கையப் புடிச்சுக்க” என்றாள். அங்கே மட்டும் எனக்குப் பயமே இல்லை. வருகிற அலை திரும்பிப் போகும் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். நீலம் மட்டும்தான் எனக்குப் புதிது.