பொழுது சாய்ந்த பிறகு ஒரு கவளம்

அன்று காலை என் மகள் தரணி கண் விழிக்கவில்லை. நாலு வயது. தோளைப் பிடித்து உலுக்கினேன். கை தொப்பென்று விழுந்தது. உடம்பு வேர்த்துச் சில்லென்றிருந்தது. "இன்னாடி ஆச்சு கொழந்தைக்கு?" என்று என் கணவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

முதல் நாள் லேசான காய்ச்சல். சாயங்காலம் இரண்டு வாய் கஞ்சியோடு போதும் என்றாள். நாங்கள் செஞ்சிப் பக்கத்து ஜைனர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். சின்னப் பிள்ளைகளை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் எங்களைப் பார்த்துத் தரணியும் வாயை இறுக மூடிக்கொள்வாள். அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்தேனே, பாவி!

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபடியே ஆம்புலன்சில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தேன். செத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கண் திறந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு வரச் சில நாளானது. டாக்டரம்மா தாளில் நீளமாக ஒரு சங்கிலி வரைந்தார். அதுதான் கொழுப்பு அமிலம் (உடம்பு கொழுப்பாகச் சேர்த்துவைப்பதன் அடிப்படைத் துண்டு). வயிறு காலியானால் உடம்பு அதைக் கண்ணி கண்ணியாக வெட்டி எரித்துச் சக்தி எடுக்குமாம். வெட்டுகிற நொதி (உடம்பின் வேதிவினைகளை நடத்தும் புரதம்) ஒன்று தரணிக்குப் பிறவியிலேயே வேலை செய்யவில்லை.

"அப்போ ஒடம்புல கொழுப்பு இருந்தும் பட்டினியா டாக்டர்?"

"ஆமாம்மா. சாப்பாடுதான் மருந்து. ரொம்ப நேரம் வெறும் வயிறா விடாதீங்க. காய்ச்சல்ல உடம்பு கையிருப்புச் சர்க்கரையை இன்னும் சீக்கிரம் தீர்த்துடும். காய்ச்சல் வந்து சாப்பிடலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

வீடு திரும்பிய முதல் நாள். ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. கிண்ணத்தில் பால்சோறு பிசைந்து வந்தேன்.

"பொழுது போயிடுச்சும்மா. வேணாம்." வாயை மூடிக்கொண்டாள்.

"நைனா சொல்றேன் இல்ல, ஒரே ஒரு வாய் கண்ணு." அவள் அப்பா கெஞ்சினார். அவள் தலையாட்டினாள்.

நான் கற்றுக்கொடுத்ததுதானே! முதல் கவளத்தை என் வாயில் போட்டு, அவள் பார்க்க மென்று விழுங்கினேன். நினைவு தெரிந்து இருட்டிய பிறகு நான் சாப்பிட்டது அதுதான் முதல் முறை.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

அவள் தூங்கியதும், அவள் வயிற்றுச் சோறு கரைய எவ்வளவு நேரமாகும் என்று எண்ண ஆரம்பித்தேன். இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.